பார்கோட் ஒட்டிய பிறகும் சரக்கு ஏன் காணாமல் போகிறது?

பேலியகொடைப் பக்கம் ஒரு களஞ்சியம் என்று வைத்துக்கொள்வோம். கணினித் திரையில் துணி ரோல் 40. ராக்கில் எண்ணினால் 37. எல்லா ரோலிலும் பார்கோட் இருக்கிறது, ஸ்கேனரும் நாலு இருக்கிறது. அந்த மூன்று ரோலும் எப்போது, எந்த வாசலால் போயின என்று சொல்லத்தான் ஆளில்லை.

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்தக் குழப்பம் கூடிக்கொண்டு வருகிறது. வெளிநாட்டு வாங்குநர்கள் பெட்டிக்குப் பெட்டி லேபல் கேட்கிறார்கள். பார்கோட் இல்லாத பக்கெட்டைப் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் எடுப்பதில்லை. 2027 இல் எல்லாம் கியூஆர் ஆகிவிடும் என்ற பேச்சு வேறு. அவசர அவசரமாகப் பிரிண்டரும் ஸ்கேனரும் வாங்கியவர்கள், ஆறு மாதம் கழித்துப் பழைய கொப்பியைத் திரும்பத் திறக்கிறார்கள். கருவியில் பிழை இருப்பது குறைவு. பார்கோட் என்பது ஓர் எண், அவ்வளவுதான். பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் அந்த நிமிடத்தில் யாராவது அந்த எண்ணைப் பதிந்தால் தடம் விழும், பதியாவிட்டால் விழாது. கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்தான்.

கோடுகளுக்குள் என்ன இருக்கிறது?

1974 ஜூன் 26 ஆம் திகதி, அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ட்ரோய் என்ற ஊரின் சுப்பர்மார்க்கெட் ஒன்றில், இன்று நாம் காணும் வகைப் பார்கோட் முதன்முதலாகக் காசாளர் மேசையில் படிக்கப்பட்டது. பொருள் ஒரு சூயிங்கம் பக்கெட், விலை 67 சதம். அந்த விலை கோடுகளுக்குள் இருக்கவில்லை. கோட்டில் இருந்தது எண். விலை கடையின் கணினியில் இருந்தது. இன்றும் அப்படித்தான்.

கடைப் பொருட்களில் இருப்பது ஈஏஎன்-13 என்ற 13 இலக்க எண். இதன் தொடக்கம் 479 என்றால் இலங்கைத் தயாரிப்பு என்று பலர் நம்புகிறார்கள். வட்ஸ்அப்பிலும் அப்படித்தான் சுற்றுகிறது. அது சரியல்ல. எண்களை வழங்கும் உலக அமைப்பு ஜிஎஸ்1. அதன் இலங்கைக் கிளையில் பதிந்த நிறுவனத்தின் எண் என்பதைத்தான் 479 சொல்லும். பொருளை வெளிநாட்டில் செய்வித்து இங்குள்ள நிறுவனம் தன் எண்ணில் விற்றாலும் 479 தான். நுவரெலியாத் தேயிலையை பிரித்தானிய நிறுவனம் தன் பெயரில் பொதி செய்தால் 50 இல் தொடங்கும்.

கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது. உதாரணத்துக்கு மட்டும் 479123456789 என்று எடுப்போம்:

1. இடமிருந்து 1, 3, 5, 7, 9, 11 ஆம் இடங்கள்: 4+9+2+4+6+8 = 33.
2. 2, 4, 6, 8, 10, 12 ஆம் இடங்கள்: 7+1+3+5+7+9 = 32. இதை 3 ஆல் பெருக்கினால் 96.
3. கூட்டினால் 129. அடுத்த பத்தின் மடங்கு 130. வித்தியாசம் 1. ஆகவே முழு எண் 4791234567891.

ஓர் இலக்கம் மட்டும் பிழைத்தால் இந்தக் கணக்கு நிச்சயம் பிடித்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிக்கும். அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் (27 ஐ 72 என்று அடித்தால்) பிடிக்காது. ஸ்கேனருக்கு இந்தத் தொல்லை வராது. லேபல் கிழிந்து, எண்ணைக் கையால் அடிக்கும்போதுதான் வரும்.

எந்தச் சாமான், எந்தப் பெட்டி: இரண்டும் வேறு

தடமறியும் வேலையில் முதற்பிழை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஈஏஎன்-13 ஒரு பொருளின் வகையைச் சொல்லும். 100 கிராம் மிளகாய்த்தூள் பக்கெட் ஒரு இலட்சம் செய்தாலும் எல்லாவற்றிலும் அதே எண். எத்தனை இருக்கிறது என்று எண்ண அது போதும். ‘இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது’ என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதற்குப் பெட்டிக்கெனத் தனி எண் வேண்டும்.

ஆகவே எண்கள் அடுக்கடுக்காக வருகின்றன. பக்கெட்டுக்கு ஈஏஎன்-13. ஒரே பொருள் நிரம்பிய வெளிப்பெட்டிக்கு 14 இலக்க ஐடிஎஃப்-14. மட்டைப் பெட்டியில் நேரடியாக அச்சிட இதன் தடித்த கோடுகள் தோதானவை. பெட்டியையோ பலட்டையோ (பெட்டிகளை அடுக்கித் தூக்கும் பலகை) தனித்தனியாக அடையாளம் காட்ட எஸ்எஸ்சிசி என்ற 18 இலக்கத் தொடர் எண். தொகுதி எண், காலாவதித் திகதி போன்றவற்றையும் சேர்த்து எழுத ஜிஎஸ்1-128 என்ற பார்கோட் வகை.

ஜிஎஸ்1-128 லேபலின் கீழே இப்படி ஒரு வரி இருக்கும்: (01)14791234567898(17)271130(10)2504. அடைப்புக்குள் இருப்பவை, அடுத்து வருவது என்ன என்று சொல்லும் குறிகள். 01 பொருள் எண், 17 காலாவதித் திகதி, 10 தொகுதி எண். திகதி ஆண்டு–மாதம்–நாள் ஒழுங்கில் இரண்டிரண்டு இலக்கமாக வரும். ஆகவே இது 2027 நவம்பர் 30. அடைப்புக்குறிகள் மனிதக் கண்ணுக்கு மட்டுமே, கோட்டுக்குள் அவை இல்லை. பொருள் எண்ணுக்கும் திகதிக்கும் நீளம் நிலையானது. தொகுதி எண்ணின் நீளம் கூடிக் குறையும். அதற்குப் பிறகு இன்னொரு தகவல் வைத்தால் நடுவில் பிரிகுறி போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த தகவலையும் சேர்த்து முழுவதையும் தொகுதி எண் என்று கணினி விழுங்கிவிடும். தொகுதி எண்ணைக் கடைசியில் வைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

தொழிற்சாலைக்குள் மட்டும் சுற்றும் பொருளுக்கு இந்த உலக எண்கள் எதுவும் கட்டாயமில்லை. துணி ரோல், வெட்டிய பண்டல், தூள் நிரப்பிய பீப்பாய் எல்லாவற்றுக்கும் சொந்தமாக ஒரு தொடர் எண் கொடுத்து கோட் 128 என்ற பார்கோட் வகையில் அச்சிட்டால் போதும். அந்த எண்ணுக்குள் நிறம், அளவு, ஆண்டு என்று அர்த்தம் திணிக்க ஆசை வரும். விட்டுவிடுங்கள். நிறப்பெயர் மாறும் நாளில் எண் பொய் சொல்லத் தொடங்கும்.

தடம் எங்கே அறுகிறது: மிளகாய்த்தூள் ஆலை

காய்ந்த மிளகாய் 25 கிலோ சாக்குகளில் வருகிறது. 500 கிலோ தொகுதி ஒன்றுக்கு 20 சாக்கு. 12 முதல் வியாபாரியுடையது, 8 இரண்டாமவருடையது. சாக்குகளில் லேபல் ஒட்டி, களஞ்சியத்துக்குள் எடுக்கும்போதும் ஸ்கேன் செய்தாயிற்று. பெட்டி கட்டும்போதும் ஸ்கேன். இரண்டு பக்கமும் பக்கா.

நடுவில்தான் ஓட்டை. அரைவை இயந்திரத்தின் வாயில் சாக்கு கொட்டப்படும் இடத்தில் ஸ்கேனர் இல்லை. இரண்டாமவரின் மிளகாயில் பூஞ்சை நச்சு இருப்பதாக ஆய்வறிக்கை வந்தால், அது எந்தெந்தப் பெட்டிகளுக்குள் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வாரம் முழுவதும் கட்டிய பெட்டிகளைக் கடைகளிலிருந்து திரும்ப அழைக்க வேண்டியதுதான். அரைவை வாயில் ஒரு ஸ்கேன் இருந்திருந்தால் மூன்று தொகுதிகளோடு போயிருக்கும்.

இன்னும் இரண்டு கசிவுகள் இருக்கின்றன. பதிவேட்டில் வராதவை இவைதான்:

1. வாயில் மிச்சம். ஒரு தொகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போது இயந்திரத்துக்குள் சில கிலோ தங்கி, அடுத்த தொகுதியின் முதல் பெட்டிகளுக்குள் போகும். இடையில் துப்புரவு செய்த பதிவு இல்லையென்றால் இரண்டு தொகுதிகளையும் தொடுப்புள்ளவையாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.
2. திரும்பக் கொட்டுதல். ஒட்டு விட்ட பக்கெட்டுகளைக் கிழித்துத் தூளை மறுபடியும் தொட்டிக்குள் போடுவது. கொட்டியவருக்கு அது வீண்செலவு தவிர்ப்பு. தடத்துக்கு முந்தாநாள் தொகுதி இன்றைய தொகுதிக்குள் கலந்தது. அதற்கென ஒரு வாளி, வாளிக்கு ஒரு லேபல், கொட்டும்போது ஒரு ஸ்கேன் வேண்டும்.

பதிவு உண்மையா என்று பார்க்கக் கணக்குப் போடுங்கள். உள்ளே 500 கிலோ, பெட்டியில் 488, கூட்டி அள்ளிய தூசி 7, ஆவியும் காம்பும் 5. இந்த 5 ஒவ்வொரு தொகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் நம்பலாம். ஒரு நாள் 30 ஆனால், ஸ்கேன் செய்துவிட்டுக் கொட்டாத ஒரு சாக்கு எங்கோ நிற்கக்கூடும்.

ஆடைத் தொழிற்சாலையிலும் இதே கதைதான். வெட்டும் மேசையில் ரோல் பல அடுக்குகளாக விரியும் இடம்தான் அங்கே அரைவை வாய். எந்த அடுக்கு எந்த ரோல் என்று அங்கே பதியாவிட்டால், ஒரே சட்டையின் கை ஒரு சாயத்திலும் உடல் இன்னொரு சாயத்திலும் வந்து நிற்கும். பெட்டி கட்டும் மேசையோ நேர்மாறு. ஸ்கேன் அங்கே நன்றாகவே வேலை செய்யும். ஒவ்வொரு துண்டையும் ஸ்கேன் செய்து உள்ளே போட வேண்டும், அளவு மாறினால் அந்தத் துண்டிலேயே மறுப்பு வர வேண்டும், எண்ணிக்கை நிறைந்த பிறகே லேபல் வெளியே வர வேண்டும். வாங்குநருக்கு முன்கூட்டி அனுப்பும் மின் பட்டியலும் பெட்டி லேபலும் ஒத்துப்போகாவிட்டால் அபராதம் விழும் என்பதால் இங்கே ஒழுங்கு தானாக வந்துவிட்டது.

களஞ்சியத்தில் இரண்டு ஸ்கேன்

பொருளை மட்டும் ஸ்கேன் செய்வது பாதிப் பதிவு. எந்தப் பொருள், எந்த இடம் என்று இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு நிகழ்வு. நேரத்தையும் ஆளையும் கருவியே பதியும். அதற்கு ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும். முழு ஸ்டோர்ஸுக்கும் ஒரே பெயரில் நுழைந்தால் ‘யார் செய்தார்’ என்ற பதிவு வெறும் அலங்காரம்.

1. ஏற்பு: லொறியிலிருந்து இறங்கும்போது, நாம் கொடுத்த வாங்கு ஓடரோடு ஒப்பிட்டு. விநியோகத்தரின் இன்வொய்ஸில் உள்ள எண்ணிக்கையைத் திரையில் முன்கூட்டிக் காட்டக் கூடாது. காட்டினால் எண்ணாமலே ‘சரி’ அழுத்துவார்கள்.
2. இடம் வைத்தல்: பெட்டி, பிறகு ராக்கின் லேபல்.
3. எடுத்தல்: ராக், பிறகு பெட்டி. ஒழுங்கு மாறுவதற்குக் காரணம் உண்டு. தவறான இடத்துக்குப் போனவரைக் கை நீட்டுவதற்கு முன்பே கருவி நிறுத்தும்.
4. ஏற்றுதல்: பெட்டி, பிறகு வாகனம்.

மேல் தட்டுகளின் லேபல்களைக் கீழ்க் கிடைச்சட்டத்தில் வரிசையாக ஒட்டுவது வழக்கம். மூன்று லேபல், மூன்று அம்புக்குறி, ஒரே நிறம். இரண்டாம் தட்டில் வைத்துவிட்டு மூன்றாவதை ஸ்கேன் செய்வார்கள். தட்டுக்கு ஒரு நிறம் கொடுத்தால் இது வெகுவாகக் குறையும்.

புறக்கோட்டைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடை ஒரு தெருவில், கிடங்கு இன்னொரு தெருவில். நாட்டாமை (சுமை தூக்குபவர்) வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் அரை மணி நேரம் சரக்கு இரண்டு இடத்துக் கணக்கிலும் இல்லை, அல்லது இரண்டிலும் இருக்கிறது. கணினியில் ‘வண்டி’ என்றே ஓர் இடத்தைத் திறந்து, கிடங்கில் ஏற்றும்போது அதற்குள்ளும், கடையில் இறக்கும்போது அதிலிருந்து வெளியேயும் பதிய வேண்டும். இரவு கடை பூட்டும்போது ‘வண்டி’யில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அன்றைக்கே தேடலாம்.

ஸ்கேனரின் ‘பீப்’ பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சத்தம், கோட்டைப் படித்துவிட்டேன் என்பதற்கு மட்டும்தான். கணினி அதை ஏற்றதா என்பது வேறு. ‘இந்த ஓடருக்கு உரியதல்ல’ என்று திரையில் ஆங்கிலத்தில் ஓடும். பீப் கேட்டவர் அடுத்த பெட்டிக்குப் போயிருப்பார். காணாமல் போகும் சரக்கில் கணிசமானது இந்த இடைவெளியில் விழுகிறது. ஏற்றால் ஒரு சத்தம், மறுத்தால் நீண்ட வேறு சத்தமும் அதிர்வும், மறுப்பை அழுத்தி மூடும் வரை அடுத்த ஸ்கேனுக்குப் பூட்டு. திரைச் செய்தி தமிழிலும் சிங்களத்திலும். மென்பொருள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அவர் அறிக்கைகளின் அழகைக் காட்டத்தான் விரும்புவார்.

லேபல்: மலிவாகத் தெரிந்து விலை பிடிப்பது

வெப்ப அச்சில் இரண்டு வகை. நேரடி வெப்ப அச்சுக்கு மை ரிபன் தேவையில்லை, ஆனால் தகரக் கூரைச் சூட்டிலும் வெயிலில் நிற்கும் லொறியிலும் கடதாசி கறுக்கும். சில பிளாஸ்டிக் சுற்றுத்தாள்களோடு ஒட்டியிருந்தால் எழுத்து வெளிறும். சில நாட்களில் போய்விடும் பெட்டிக்கு அது போதும். மாதக்கணக்கில் கிடக்கும் சரக்குக்கு ரிபன் உள்ள அச்சு வேண்டும். கடதாசி லேபலுக்கு மெழுகு ரிபன். உராய்வும் இரசாயனமும் படும் இடத்துக்குப் பிசின் ரிபனும் செயற்கைத் தாளும்.

பிரிண்டரின் நுணுக்கத்தையும் பார்க்க வேண்டும். 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டர் ஒரு மில்லிமீற்றரில் 8 புள்ளி வைக்கும். ஒரு புள்ளி 0.125 மி.மீ. ஈஏஎன்-13 இன் மெல்லிய கோடு முழு அளவில் 0.33 மி.மீ. இரண்டு புள்ளி வைத்தால் 0.25, மூன்று வைத்தால் 0.375, 0.33 வராது. படமாகச் செய்த பார்கோடை இழுத்துச் சுருக்கி அச்சிட்டால் சில கோடு இரண்டு புள்ளியாகவும் சில மூன்றாகவும் விழும். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஸ்கேனர் திணறும். பிரிண்டரே கோட்டை உருவாக்கும்படி எண்ணை மட்டும் அனுப்புங்கள். 300 டிபிஐ என்றால் நான்கு புள்ளியில் 0.34 அளவில் வந்துவிடும்.

அச்சுத் தலையில் ஒரு புள்ளி எரிந்தால் கடதாசி ஓடும் திசையில் வெள்ளைக் கீறு விழும். கோடுகளும் அதே திசையில் நின்றால் ஒரு மெல்லிய கோடே முழுதாக மறைந்துவிடும். குறுக்காக இருந்தால் கீறு எல்லாக் கோடுகளையும் ஒரே இடத்தில் வெட்டும். அதற்கு மேலோ கீழோ படித்துக்கொள்ளலாம்.

மற்றவை சுருக்கமாக: கோட்டின் இருபுறமும் வெற்றிடம் வேண்டும், ஈஏஎன்-13 க்கு இடப்புறம் மெல்லிய கோட்டின் 11 மடங்கு, வலப்புறம் 7 மடங்கு. சிவப்பு மை சிவப்பு ஒளிக்குத் தெரியாது. பெட்டியின் மூலையில் வளைத்து ஒட்டாதீர்கள். மழை நாளில் ஈரம் ஏறிய மட்டையில் பசை பிடிக்காது.

கணக்கைக் கெடுப்பவை

1. மிஞ்சிய லேபல். காலையில் 100 அச்சிட்டு 94 ஒட்டினார்கள். மிச்சம் ஆறு மறுநாள் வேறு பெட்டிகளில் ஏறும். லேபல் தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாக வர வேண்டும்.
2. ஒரே லேபலை 20 தடவை. 20 பெட்டியும் ஒன்றுபோல இருந்தால் கைக்கெட்டிய ஒன்றையே திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்வார்கள். வகை எண் மட்டும் இருந்தால் கணினிக்குத் தெரியாது. தொடர் எண் இருந்தால் இரண்டாம் தடவையே மறுக்கும்.
3. முதலில் ஏற்றுவோம், பிறகு ஸ்கேன் செய்வோம். கொள்கலன் கதவு பூட்டிய பிறகு செய்யும் ஸ்கேன் பட்டியலைப் பார்த்து அடிப்பதுதான். வாயில் அனுமதிச் சீட்டு ஸ்கேன் எண்ணிக்கையிலிருந்து மட்டுமே அச்சாகும்படி வைத்தால் வழி வேறில்லை.
4. பழைய பெட்டி. திரும்பி வந்த மட்டைப் பெட்டியில் பழைய லேபல் கிழிக்கப்படாமல் இருக்கும். ஸ்கேனர் எது கிட்டவோ அதைப் படிக்கும்.
5. எக்செல். அது 15 இலக்கத்துக்கு மேல் வைத்திருக்காது. 18 இலக்க எஸ்எஸ்சிசியை எண்ணாக ஒட்டினால் கடைசி மூன்றும் பூச்சியமாகும். தொடக்கப் பூச்சியமும் போகும். அந்தக் கடைசி மூன்றில் இரண்டு தொடர் இலக்கம், ஒன்று சரிபார்ப்பு. ஆகவே அடுத்தடுத்த 100 பலட் வரை ஒரே எண்ணோடு நிற்கும். கலத்தை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.
6. வைஃபை. வெறும் களஞ்சியத்தில் சோதித்தபோது எல்லா மூலைக்கும் வந்தது. இரும்பு ராக்கும் சரக்கும் நிரம்பிய பிறகு பின்வரிசையில் வராது. நிரம்பிய நிலையில் சோதிக்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் கருவிக்குள் சேமித்துப் பிறகு அனுப்பும் வசதி உண்டென்றால், அந்த நேரத்துப் பதிவுகளில் ஸ்கேன் செய்த நேரம் இருக்கிறதா, அனுப்பிய நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்எஃப்ஐடி (வானொலி அலையால் படிக்கும் லேபல்) வந்தால் இவையெல்லாம் தீரும் என்பவர்கள் உண்டு. கண்ணில் படாமலே படிக்கும் என்பது உண்மை. உலோகமும் திரவமும் அதற்கு எதிரி. லேபல் விலையும் கூட. இரண்டாவது, மூன்றாவது பிழைகளைக் குறைக்கும், முதலாவதைத் தொடாது.

சிறிய இடத்தில் தொடங்கும் ஒழுங்கு

இடங்களுக்கு முதலில் லேபல். பிறகு பொருட்பட்டியலைத் துப்புரவாக்குங்கள். ஒரே சாமான் மூன்று பெயரில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைப் பூட்டி முழு எண்ணிக்கை. திங்கள் முதல் ஏற்பும் இடம் வைத்தலும் மட்டும். எடுத்தலை இரண்டு வாரம் பொறுத்துச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிய இடங்கள்தான் ஒரே மாதத்தில் கைவிடுகின்றன.

அன்றாடம் பத்து இடங்களை எண்ணிப் பாருங்கள். 200 இடம் எண்ணி 188 ஒத்துப்போனால் துல்லியம் 94 சதவீதம். இதை ரூபாய்ப் பெறுமதியில் கணக்கிட்டு ஏமாறக் கூடாது. ஓரிடத்தில் 50,000 ரூபாய் கூட, இன்னோரிடத்தில் 50,000 குறைவு என்றால் நிகர வித்தியாசம் பூச்சியம். ஆனால் இரண்டு இடமும் பிழை. பிழை கண்ட இடத்தின் எண்ணிக்கையைத் திருத்துவதோடு விடாமல், கடைசியாக அங்கே நடந்த நான்கைந்து பதிவுகளைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன ஆறில் ஒன்றாக இருக்கும்.

2027 பேச்சு

2027 முடிவுக்குள் உலகெங்கும் கடைகளின் காசாளர் மேசைகள் கியூஆர் போன்ற இருபரிமாணக் குறிகளையும் படிக்க வல்லவையாக வேண்டும் என்பது ஜிஎஸ்1 முன்வைத்துள்ள தொழில்துறை இலக்கு. சட்டம் அல்ல, கோட்டுப் பார்கோட் ஒழிக்கப்படுவதும் இல்லை. இதனோடு சேர்த்துக் குழப்பப்படுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் பொருள் கடவுச்சீட்டு. அதற்கான சட்டகம் 2024 ஜூலை 18 இல் நடைமுறைக்கு வந்தது. ஆடை, புடைவை அதன் முன்னுரிமைப் பட்டியலில் இருப்பதால் கட்டுநாயக்கா, பியகம ஏற்றுமதியாளர்களைத் தொடும் விஷயம் இது. சட்டையில் இருக்கும் குறியைத் தட்டினால் பொருள் பற்றிய தகவல் வர வேண்டும் என்பது சாரம். வெட்டும் மேசையில் பதியாதவர்களிடம் அங்கே காட்டத் தகவல் இருக்காது.

இப்போதே முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. மெல்லிய ஒற்றைச் சிவப்புக் கோடு மட்டும் விழும் ஸ்கேனர் கியூஆரைப் படிக்காது. படம் பிடித்துப் படிக்கும் வகையையே இனி வாங்க வேண்டும். இரண்டாவது உணவு உற்பத்தியாளருக்கு. பக்கெட் தாளை மொத்தமாக அச்சகத்தில் அடித்து வைத்திருப்பார்கள். ஈஏஎன்-13 மாறாது என்பதால் அது சரி. தொகுதி எண்ணும் காலாவதியும் உள்ளே இருக்கும் கியூஆர் தொகுதிக்குத் தொகுதி மாறும். அதை முன்கூட்டி அச்சிட முடியாது. ஓடும் பொதி இயந்திரத்திலேயே, அதன் வேகத்துக்கு அச்சிட்டு, அச்சிட்டதைப் படித்தும் பார்க்கும் கருவி வேண்டும். இன்று திகதி மட்டும் அடிக்கும் சிறிய மை அச்சுக் கருவிகள் பலவற்றால் அந்தத் தரத்தில் முடியாது. அடுத்த தடவை பக்கெட் வடிவமைப்பை அச்சகத்துக்குக் கொடுக்கும்போது, அந்தக் குறிக்கு ஒரு வெற்றுச் சதுரம் ஒதுக்கிக் கொடுப்பது இப்போதைக்குச் செலவில்லாத வேலை.